கடல் கடந்தோரும் விண் கடந்தோரும்

தோற்றுவாய்

நெடுந்தொலைவு சென்று மீண்டவனிடம் கதை கேட்பது மனித குலத்தின் தொன்மையான பழக்கங்களுள் ஒன்று. கடலைக் கண்டறியாத உள்நாட்டு ஊர்களும் கப்பலேறிப் போனவர் சொன்ன கதைகளால் கடலை அறிந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில், மனிதன் கடக்க வேண்டிய பெருவெளி கடலிலிருந்து விண்ணுக்கு மாறியது. அதனுடன் அந்தப் பழைய கதையும் இடம் மாறியது. கப்பல் விண்கலமாயிற்று. தீவு கோளாயிற்று. அரசரும் வணிகரும் கொள்ளையரும் ஒற்றரும் விண்மீன்களுக்கிடையே உலவத் தொடங்கினர். ஆங்கிலத்தில் ‘ஸ்பேஸ் ஆப்பெரா’ என வழங்கும் இவ்வகைப் புதினங்களைத் தமிழில் ‘விண்வெளிப் பெருங்கதை’ எனலாம். கொங்குவேளிரின் காப்பியம் தாங்கிய பெயர் இவற்றுக்கும் பொருந்துவதே.

மலேசியத் தமிழ் வாசகரிடையே இவ்வகை நூல்கள் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. மேனாட்டார் பொழுதுபோக்குக்கு எழுதியவை என்றும், மண்ணில் வாழும் மக்களின் துயருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றும் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். இக்கருத்து மறு ஆய்வுக்கு உரியது. ஒரு கம்பெனியின் உடைமையான நிலம், ஒப்பந்தத்தில் கட்டுண்டு கடத்தி வரப்பட்ட உழைப்பாளிகள், உலகமே வேண்டி நிற்கும் ஒரே விளைபொருள், தாத்தாவின் ஊரை ஒருபோதும் காணாத பேரப்பிள்ளைகள் ஆகியவையே இப்பெருங்கதைகளின் கருப்பொருள்கள். தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கும் இவையே கருப்பொருள்கள் அன்றோ?

ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் சாஆ. யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் பழைய நெடுஞ்சாலையின் மேல் அஃது அமைந்துள்ளது. ஊரைச் சுற்றிலும் செம்பனை. அதற்கு முன் இவ்வட்டாரத்தை ஆண்டது கித்தா. பால்மரக் காடுகளில் விடியுமுன் பிரட்டுக்கு நின்ற தலைமுறையின் பேரர்கள் இன்று இத்தகைய ஊர்களிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் கையில் எடுத்துப் படிக்கத்தக்க விண்வெளிப் பெருங்கதைகள் எவை, அவற்றுள் தம் முன்னோரின் சாயலை அவர்கள் எங்கெங்கே காணலாம் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

பெயரும் பிறப்பும்

‘ஸ்பேஸ் ஆப்பெரா’ என்னும் பெயர் இகழ்ச்சியில் பிறந்தது. அமெரிக்க வானொலியில் சோப்பு நிறுவனங்களின் செலவில் நாள்தோறும் ஒலிபரப்பான குடும்பத் தொடர்களைச் ‘சோப்பு ஆப்பெரா’ என்று கேலி செய்வது வழக்கம். அதைப் பின்பற்றி, அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளுக்கு 1941ஆம் ஆண்டில் வில்சன் டக்கர் என்பவர் இப்பெயரைச் சூட்டினார். காலப்போக்கில் இகழ்ச்சி தேய்ந்து பெயர் மட்டும் நிலைத்தது.

இவ்வகையின் முன்னோடியாகப் பலரும் சுட்டுவது இ. இ. ஸ்மித் எழுதி, 1928இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில் தொடராக வந்த ‘ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’. அதில் வீரமும் வேகமும் உண்டு, ஆழம் குறைவு. வரலாறு அறிய விரும்புவோர் அதைப் புரட்டிப் பார்க்கலாம். ஏனையோர் அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

1941இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய ‘யுனிவர்ஸ்’ என்னும் குறும்புதினம் வேறு தரத்தது. பல தலைமுறைகள் பயணம் செய்ய வேண்டிய ஒரு விண்கலம். அதில் பிறந்து, அதிலேயே வளர்ந்து, அதிலேயே மடியும் மக்கள். தாம் இருப்பது ஒரு கலம் என்பதையே அவர்கள் மறந்துவிடுகின்றனர். கலத்தின் சுவர்களே அவர்களுக்கு உலகத்தின் எல்லை. வெளியே விண்மீன்கள் உள்ளன என்று சொல்பவன் அங்கே குற்றவாளியாகிறான். லயத்து வீடு, பிரட்டுக்களம், தோட்டக் கடை, கோயில், பள்ளிக்கூடம் என்னும் வட்டத்துக்குள்ளேயே வாழ்வு முடிந்துபோன தோட்டங்களை அறிந்தவர்க்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது.

தமிழ் மரபில் வான்வழி

வான்வழிப் பயணம் தமிழர் கற்பனைக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில், கட்டியங்காரனின் சூழ்ச்சிக்கு ஆட்பட்ட சச்சந்த மன்னன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி வானில் அனுப்புகிறான். அப்பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் காப்பியத் தலைவன் பிறக்கிறான். பொறியை எப்பக்கம் திருகினால் எழும், எப்பக்கம் திருகினால் இறங்கும் என்பதையும் புலவர் கூறத் தவறவில்லை. வீழும் அரசு, தப்பும் அரசி, ஒளிந்து வளரும் இளவரசன், மீட்கப்படும் நாடு என்ற இந்த அமைப்பை அப்படியே விண்வெளிக்கு நகர்த்தினால் இன்றைய பெருங்கதைகளுள் பாதியின் சுருக்கம் கிடைத்துவிடும்.

மணிமேகலையோ மந்திரத்தின் துணையால் வானில் பறந்து சாவக நாட்டுக்கே வருகிறாள். அமுதசுரபியின் பழைய உடைமையாளனான ஆபுத்திரன் அங்கு மறுபிறவி எடுத்து அரசனாக வீற்றிருக்கிறான். தென்கிழக்காசிய மண்ணுக்கு வான்வழி வந்த முதல் தமிழ்க் கதைமாந்தருள் ஒருத்தி கையில் பிச்சைப் பாத்திரம் ஏந்திய பெண் துறவி என்பது எண்ணி மகிழத்தக்கது.

இக்கால வரலாற்றில், தமிழின் முதல் விண்வெளிக் கதையாகத் திரைப்படம் ஒன்றையே சுட்ட வேண்டியுள்ளது. 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். சரியாக ஈராண்டு கழித்து, 1963ஆம் ஆண்டு ஏப்ரலில், ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ திரைக்கு வந்தது. எம். ஜி. ஆர்., பி. பானுமதி, எம். என். நம்பியார் ஆகியோர் நடித்த இப்படத்தின் கதை வியப்பானது. வேற்றுக் கோள் ஒன்றின் மக்கள் அறிவியலில் மிக உயர்ந்தவர்கள். ஆனால் கலையில், அதிலும் இசையில், வறியவர்கள். தம் மக்களுக்கு இசை கற்பிக்க ஒருவரைத் தேடிப் பூமிக்கு வருகின்றனர். தமிழ்ப் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். அவளை நேசித்த, பண்ணையில் உழைக்கும் இளைஞன் அக்கோளுக்கே சென்று அவளை மீட்கிறான்.

அட்டையில் செய்த விண்கலத்தையும் பளபளக்கும் உடைகளையும் கண்டு இன்றைய இளைஞர் நகைக்கக்கூடும். ஆனால் கதையின் அடிக்கருத்து நகைப்புக்குரியதன்று. ஆற்றல் மிக்க ஓர் அரசு, தன்னிடம் இல்லாத ஒன்றை எளிய நாட்டிலிருந்து ஆளைக் கடத்தி எடுத்துக்கொள்கிறது. கடத்தப்பட்டவள் உழைக்க வேண்டும்; ஊர் திரும்பக் கூடாது. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பிக் கப்பலேறியோரின் கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைத் தோட்டத் தமிழர் எளிதில் உணர்வர். மேலும், ‘ஆப்பெரா’ என்பது இசை நாடகத்தைக் குறிக்கும் சொல்லாதலின், பாடகிக்காக விண்ணைக் கடந்து வந்த இந்தக் கதையே அப்பெயருக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துவதாகும்.

அடுத்து வந்த ஆற்றல் மிக்க எழுத்தாளர் சுஜாதா (1935–2008). பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், அறிவியல் புனைகதையைத் தமிழ் வார இதழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’, ஜீவா என்னும் சர்வாதிகாரியின் கீழ் இந்தியா இயங்கும் ஓர் எதிர்காலத்தைக் காட்டியது. ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர் தம் வீட்டு நாயைப் போலவே நேசித்தனர். ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி. வேற்றுக் கோளிலிருந்து வருபவனைக் கொண்டு நகைச்சுவையாக நடத்திச் செல்லும் ‘திசை கண்டேன் வான் கண்டேன்’ அவருடைய படைப்புகளுள் விண்வெளிக்கு மிக அண்மையில் நிற்பது. பிற்காலத்தில் ஜெயமோகனின் ‘விசும்பு’ என்னும் சிறுகதைத் தொகுதி அறிவியல் புனைகதைக்குத் தமிழ்ச் சிந்தனை மரபிலிருந்து வேறொரு வழியைக் காட்டியது.

இவை யாவும் சிறந்தவையே. எனினும் பல உலகங்கள், பல தலைமுறைகள், பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சி என விரியும் பெருங்கதை இவற்றுள் இல்லை. அத்தகைய விரிவைத் தமிழ் வாசகர் வரலாற்றுப் புதினங்களில் கண்டு மகிழ்ந்தனர். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ கதையில் பேரரசு உண்டு; அரியணைப் போட்டி உண்டு; ஒற்றரும் கடற்பயணமும் புயலும் உண்டு. அதன் ஐந்து பாகங்களையும் விழித்திருந்து படித்து முடித்த எவரும் விண்வெளிப் பெருங்கதையைப் படிக்கும் பயிற்சியை முன்னரே பெற்றவர் ஆவர்.

தோட்டத்து வாசகருக்கு உரிய நூல்கள்

மேனாட்டு நூல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கடல் கடந்து வந்த சமுதாயத்தின் கண்கொண்டு நோக்கினால் அவற்றுள் ஐந்து முன்னே நிற்கின்றன.

முதலாவது, ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’. அராக்கிஸ் என்பது நீரற்ற பாலைக் கோள். அங்கு மட்டுமே கிடைக்கும் நறுமணப் பொருள் ஒன்று இல்லையேல் விண்மீன்களுக்கிடையே கலங்கள் செல்ல இயலாது. ஆகவே அப்பொருளுக்காகப் பேரரசும் பெருங்குடிகளும் வணிகரும் போரிடுகின்றனர். மண்ணின் மக்களையோ யாரும் மனிதராக எண்ணுவதில்லை. இதைப் படிக்கும் மலேசியருக்குக் கித்தா நினைவுக்கு வராமல் இராது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில கன்றுகளிலிருந்து தொடங்கிய பயிர், மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் உலகத்தின் தேவையாயிற்று. உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை 1920களில் மலாயா அளித்தது. அதன் விலை இலண்டனில் ஏறி இறங்கியபோதெல்லாம் ஜொகூரின் லயங்களில் அடுப்பு எரிந்தது அல்லது அவிந்தது. ஒரு விளைபொருள் ஒரு நிலத்தின் விதியை எழுதும் முறையை ‘டியூன்’ அளவுக்குத் தெளிவாகக் காட்டிய புதினங்கள் சிலவே. மீட்பனாக வரும் தலைவனைத் தெய்வமாக்கும் மக்களுக்கு நேரும் கேட்டை 1969இல் வந்த இரண்டாம் பகுதி எடுத்துரைக்கிறது. அதையும் சேர்த்துப் படித்தாலே முதல் நூலின் கருத்து முழுமை பெறும்.

இரண்டாவது, ஜேம்ஸ் எஸ். ஏ. கோரே என்னும் புனைபெயரில் இருவர் இணைந்து எழுதிய ‘தி எக்ஸ்பான்ஸ்’ வரிசை. 2011 முதல் 2021 வரை ஒன்பது புதினங்களாக வெளிவந்தது. பூமியும் செவ்வாயும் வல்லரசுகள். அவற்றுக்கு அப்பால், சிறுகோள் வளையத்தில், சுரங்கங்களிலும் பனிக்கட்டி ஏற்றும் கலங்களிலும் உழைக்கும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் குடிக்கும் நீரும் மூச்சுவிடும் காற்றும் பிறர் கையில். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்ததால் அவர்களின் உடலமைப்பே மாறிவிடுகிறது. பூமிக்குத் திரும்பினால் அதன் ஈர்ப்பை அவர்களால் தாங்க முடியாது. பல மொழிச் சொற்கள் கலந்த தனி வழக்கு ஒன்றை அவர்கள் பேசுகின்றனர். கித்தா, கம்பம், பசார் என்று மலாய்ச் சொற்களை இயல்பாகக் கலந்து பேசும் தோட்டத்துத் தமிழ், தமிழகம் சென்றால் வேற்றாள் என அடையாளம் காணப்படும் மலேசியத் தமிழர் நிலை ஆகியவற்றுக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடைப்பது அரிது. புதிதாகத் தொடங்குவோர் இவ்வரிசையின் முதல் நூலான ‘லெவியதன் வேக்ஸ்’ புதினத்திலிருந்து தொடங்கலாம். விறுவிறுப்பும் எளிய நடையும் உடையது.

மூன்றாவது, சி. ஜே. செர்ரி 1981இல் வெளியிட்ட ‘டவுன்பிலோ ஸ்டேஷன்’. பூமியின் கம்பெனி ஒன்று விண்வெளியில் நிலையங்களைக் கட்டியது. தொலைவிலுள்ள குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்தன. இரு படைகளுக்கும் நடுவே ஒரு நிலையம் சிக்கித் தவிக்கிறது. அங்கே கலம் கலமாக ஏதிலிகள் கொண்டுவந்து கொட்டப்படுகின்றனர். போரைத் தொடங்கியவர் எவரும் அவர்களுள் இல்லை. 1942இல் வெள்ளைத் துரைமார் வெளியேற, சப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்தனர். தோட்ட மக்கள் பல்லாயிரவர் சயாம் இருப்புப்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்தனர். ஆண்டவர்களின் போருக்கு ஆளப்பட்டவர் கொடுத்த விலை அது. அந்நினைவை உடையோர் இந்நூலின் நெரிசலையும் அச்சத்தையும் நன்கு உணர்வர். தொடக்கத்தில் நடை சற்றுக் கடினம். பொறுமையுடன் ஐம்பது பக்கங்களைக் கடந்தால் நூல் தானே இழுத்துச் செல்லும்.

நான்காவது, ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’. 1942 முதல் இதழ்களில் வெளிவந்து 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களானது. உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கிப்பன் எழுதிய வரலாறே இதற்குத் தூண்டுதல். பேரரசு சரியப் போகிறது என்று கணித்த அறிஞர் ஒருவர், அறிவுச் செல்வத்தைக் காப்பதற்காக ஒரு சிறு குழுவை விண்மீன் மண்டலத்தின் விளிம்புக்கு அனுப்புகிறார். முப்பதாயிரம் ஆண்டு இருளை ஆயிரம் ஆண்டாகச் சுருக்குவதே நோக்கம். பாத்திரங்களின் அக வாழ்வு இதில் மெலிந்தே காணப்படும். முதல் நூலில் பெண்கள் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் மொழியும் கல்வியும் மையத்தில் மட்டுமே பிழைக்கும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. 1923இன் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அதன்பின் மாட்டுக் கொட்டகை போன்ற கூரைகளின் கீழ் நடந்த பள்ளிகளிலிருந்தே இந்நாட்டின் தமிழாசிரியரும் எழுத்தாளரும் தோன்றினர். விளிம்பில் ஏற்றிய விளக்கும் விளக்கே.

ஐந்தாவது, ஆர்க்கடி மார்ட்டின் 2019இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு ஹியூகோ பரிசு பெற்ற ‘எ மெமரி கால்டு எம்பயர்’. சிறிய சுரங்க நிலையம் ஒன்றின் தூதராக ஓர் இளம்பெண் பேரரசின் தலைநகருக்கு வருகிறாள். சிறு வயது முதல் அப்பேரரசின் மொழியையும் கவிதையையும் கற்று அவற்றில் தோய்ந்தவள் அவள். ஆனால் அங்கு அவள் எவ்வளவு திறம்படப் பேசினாலும் வெளியாள்தான். தான் நேசிக்கும் பண்பாடே தன் ஊரை விழுங்கிவிடக் கூடும் என்பதையும் அவள் அறிவாள். நேசத்துக்கும் தன்மானத்துக்கும் இடையே அவள் படும் பாடே கதையின் உயிர். தமிழகத்து இதழ்களையும் நூல்களையும் உயிராகப் போற்றி வளர்ந்தும், தமக்கென ஓர் இலக்கிய முகம் வேண்டி நெடுங்காலம் வாதிட்டவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். இந்நூலை ஆழ்ந்து படிக்க அவர்களைவிடத் தகுதியுடையோர் யார்?

எழுதப்படாத நூல்

இந்த ஐந்தும் பிறர் எழுதியவை. அவற்றில் தெரியும் சாயலோ தமிழருடையது. 1926 முதல் 1973 வரை ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றி வந்தது. மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளுடன் அவர்கள் நெருங்கிக் கிடந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. அதன்பின் பிறந்தோருள் பலர்க்குத் தாய்நாடு என்பது தாத்தா சொன்ன கதையாயிற்று. விண்கலத்தில் பிறந்து, புறப்பட்ட கோளைக் கதையாக மட்டும் அறிந்த பாத்திரங்களை மேனாட்டார் கற்பனையில் படைத்தனர். இங்கோ அத்தகையோர் கண்முன் வாழ்ந்தனர்.

இதன் அருமையை உணர்ந்து எழுதியவர்கள் உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) போர்க்கால மலாயாவையும் சுமத்ராவையும் கடலையும் ஒருங்கே பிணைத்தது. பல துறைமுகங்கள், பல மொழிகள், பேரரசுகளின் மோதல், ஊர் திரும்ப ஏங்கும் ஒருவன் எனப் பெருங்கதையின் உறுப்புகள் யாவும் அதில் உண்டு. விண்மீன்கள் மட்டுமே இல்லை. சயாம் மரண இரயிலைப் பற்றி மலேசிய எழுத்தாளர்கள் எழுதிய புதினங்களும் உள்ளன. கடந்த காலத்தை எழுதும் ஆற்றல் இந்நாட்டுத் தமிழுக்கு உண்டு என்பதற்கு இவை சான்று. அதே ஆற்றலை வருங்காலத்தின் மேல் செலுத்துவதே எஞ்சியுள்ள பணி.

அதற்குரிய தூண்டுதலும் இம்மண்ணிலேயே உள்ளது. மலேசியாவின் முதல் விண்வெளி வீரரைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்திற்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2006இல் இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வருள் ஒருவர் வனஜா என்னும் பொறியாளர்; அந்நால்வருள் அவர் ஒருவரே பெண். 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சோயுஸ் கலத்தில் ஏறிச் சென்றவர் டாக்டர் ஷேக் முஸாஃபர் சுக்கோர். வனஜாவுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. எனினும் மலேசிய இந்தியச் சமுதாயத்துப் பெண் ஒருவர் விண்ணின் வாயில்வரை சென்றது மெய்யான வரலாறு. சாவகத்துக்குப் பறந்த மணிமேகலையையும், கோளுக்குக் கடத்தப்பட்ட பாடகியையும் படைத்த மொழியில், தானே விரும்பிக் கலமேறும் ஒரு பெண்ணின் பெருங்கதை இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

சாஆ போன்ற ஊர்களின் பள்ளி நூலகங்களில் மேற்சொன்ன ஐந்து நூல்களும், அவற்றின் அருகே சிங்காரமும் சுஜாதாவும் வைக்கப்படுமாயின், அவற்றை எடுத்துப் படிக்கும் மாணவருள் ஒருவர் தம் பாட்டியிடம் சென்று கப்பலில் வந்த கதையைக் கேட்கக்கூடும். நீர் எப்படி அளந்து கொடுக்கப்பட்டது, யார் பாடினார், யார் வழியிலேயே இறந்தார், கரை தெரிந்தபோது முதலில் கண்ணில் பட்டது எது என்று அவர் வினவக்கூடும். அவ்வினாக்களுக்கு விடை சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போர், வரலாற்றுக்கு மட்டுமன்றி இனி வரவிருக்கும் விண்வெளிப் பெருங்கதைக்கும் வித்திட்டவர் ஆவர்.